மூச்சு வாங்கிய கடல்

ஸ்கூபா சாதனங்களில் வருஷாவருஷம் புது மாடல் வருகிறது. மணிக்கட்டுக்குக் கம்ப்யூட்டர்கூட வந்தாச்சு. மூச்சை இழுத்தால் மட்டும் காற்று தரும் வால்வின் தத்துவம் மட்டும் 1943-ல் கூஸ்தோவும் கான்யானும் செய்ததுதான். யுத்தகால பெட்ரோல் பஞ்சத்தில் காரை காஸில் ஓட்டுவதற்கான ரெகுலேட்டரிலிருந்து பிறந்தது அது.

அந்த சிலிண்டரை மாட்டிக்கொண்டு கூஸ்தோ, லூயி மாலுடன் எடுத்த படம் 'தி சைலண்ட் வேர்ல்ட்' (1956). கேன்ஸில் முதல் பரிசு, அப்புறம் ஆஸ்கர். தீப்பந்தங்களோடு கடலுக்குள் இறங்கும் ஆரம்பக் காட்சிக்கே கொடுக்கலாம். ஆனால், மீன்களைக் கணக்கெடுக்கப் பவளப்பாறையில் டைனமைட் வைக்கிறார்கள், சார்! கப்பலின் ப்ரொப்பெல்லரில் குட்டித் திமிங்கலம் அடிபடுகிறது. அதைத் தின்ன வந்த சுறாக்களை மேலே இழுத்துப் போட்டுக் கோடரியால் வெட்டுகிறார்கள். சுறாதான் எதிரியாம்!

இதே கூஸ்தோ 1973-ல் கடலைக் காக்க சொஸைட்டி ஆரம்பித்தார். பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டும்போது அந்த இடத்தை ஓட்டிவிடாதீர்கள்.