புளிப்பும் ஒரு சுவை

சுவை என்னும் சொல் தமிழில் நாவுக்கும் உரியது, நூலுக்கும் உரியது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தார். அவற்றை விளக்கப் புகுந்த உரைகாரர்கள் சுவை என்னும் சொல்லையே துணைக்கொண்டனர். உணவின் நயம் அறிபவனும் சுவைஞன். கவிதையின் நயம் அறிபவனும் சுவைஞன். சுவைத்துப் பார்த்துக் குணம் இது, குற்றம் இது எனப் பிரித்துச் சொல்லும் ஆற்றலே திறனாய்வின் தொடக்கம் எனின் மிகையாகாது.

அவ்வாற்றலைச் சோதித்துப் பார்ப்பதற்குச் சிங்கப்பூர் இன்று ஒரு புதிய பொருளை முன்வைத்துள்ளது. மலாயன் புரூவரிஸ் நிறுவனம் 1931ஆம் ஆண்டில் தோன்றி, அடுத்த ஆண்டிலேயே டைகர் பீரை வெளியிட்டது. அதன்பின் நெடுங்காலம் இத்தீவில் பீர் என்றால் தெளிந்த பொன்னிறமும் மெல்லிய கசப்புமே மக்கள் நினைவுக்கு வந்தன. கறுத்த ஸ்டவுட் வகையும் காப்பிக்கடைகளில் பழக்கமானதே. 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் புரூவர்க்ஸ் தொடங்கப்பட்ட பிறகு, சிறு அளவில் பீர் காய்ச்சும் ஆலைகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. அவற்றின் வழியே வளர்ந்த புதிய சுவையார்வத்தின் எல்லையில் நிற்பது, மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் முதிரவைத்துப் புளிப்பேற்றிய ஸ்டவுட் ஆகும்.

முதன்முறை அதனைச் சுவைப்பவர் பெரும்பாலும் முகம் சுளிப்பார், கெட்டுப்போய்விட்டது என்பார். அத்தீர்ப்பு சரியா? அதனை ஆராயத் தமிழில் போதிய சொற்கள் உளவா? இவ்விரண்டுமே இக்கட்டுரையின் வினாக்கள்.

பொருளின் இயல்பு

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையே பீருக்கு மூலப்பொருள். அதனோடு கருகும் பதம்வரை வறுத்த தானியத்தையும் ஒரு பங்கு சேர்த்தால் ஸ்டவுட்டின் கரிய நிறமும் காப்பியை ஒத்த கைப்பும் உண்டாகின்றன. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிறது. பொதுவான பீரில் பணி இத்துடன் முடிந்துவிடும். புளிப்பு ஸ்டவுட்டிலோ இதன்பின் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் வேலை செய்கின்றன. தயிரைத் தயிராக்குபவையும் அவற்றின் இனமே. ஓக் மரப் பீப்பாயின் நுண்துளைகள் வழியே சிறிதளவு காற்று உட்புகுகிறது. மரத்திலிருந்து துவர்ப்பும் வெனிலாவை ஒத்த மணமும் மதுவில் இறங்குகின்றன.

இது புதுமை விரும்பிகளின் கற்பனை அன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் போர்ட்டர் என்னும் கரிய பீர் பெரிய மரத்தொட்டிகளில் பல மாதங்கள் வைக்கப்பட்டது. முதிர்ச்சியோடு புளிப்பும் அதில் ஏறியது. அம்முதிர்ச்சிக்குக் காரணமான ஈஸ்ட் வகையைக் கோப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வாளர் கிளாவ்சன் 1904ஆம் ஆண்டில் அறிவித்தார். ஆங்கிலேயப் பீர்களில் கண்டமையால் அதற்கு ‘பிரிட்டானியப் பூஞ்சை’ என்னும் பொருள்பட பிரெட்டனோமைசஸ் எனப் பெயரிட்டார். பெல்ஜியத்தின் ரோடன்பாக் ஆலை இன்றும் பெரிய ஓக் தொட்டிகளில் பீரை முதிரவைத்து, இளைய பீருடன் கலந்து சமன்செய்கிறது. புளிப்பு என்பது பீரின் வரலாற்றில் இடையில் மறக்கப்பட்ட பழைய குணமேயாகும்.

அறுசுவையின் அளவுகோல்

இம்மதுவை மதிப்பிடத் தமிழரின் அறுசுவைப் பகுப்பு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. மேனாட்டார் நெடுங்காலம் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என நான்கையே அடிப்படைச் சுவைகளாகக் கொண்டனர். துவர்ப்பை அவர்கள் வாயின் தொடுவுணர்வு எனத் தனியே ஒதுக்கினர். தமிழரோ துவர்ப்பையும் கார்ப்பையும் சுவைகளாகவே எண்ணினர். புளிப்பு ஸ்டவுட்டில் வறுத்த தானியம் கைப்பைத் தருகிறது. மிஞ்சிய சர்க்கரை இனிப்பைத் தருகிறது. நுண்ணுயிர் புளிப்பையும், பீப்பாய் துவர்ப்பையும், சாராயம் மெல்லிய கார்ப்பையும் தருகின்றன. ஒரு கோப்பையில் ஐந்து சுவைகள் அமைகின்றன.

இவற்றுள் புளிப்பும் கைப்பும் பகைச்சுவைகள். இரண்டும் ஓங்கினால் நாவு கடுகடுக்கும். ஆதலின் தேர்ந்த வினைஞர் ஹாப்ஸ் பூவைக் குறைத்தே இடுவர். ஹாப்ஸ் கைப்பைத் தருவதோடு புளிப்பேற்றும் நுண்ணுயிர்களையும் அடக்கும் என்பது அவர்கள் அறிந்த உண்மை. வறுத்த தானியத்தின் அளவிலும் அவர்கள் கட்டுப்பாடு காட்டுவர். எனவே, இம்மதுவைத் திறனாய்பவர் கேட்க வேண்டிய முதல் வினா ‘புளிக்கிறதா?’ என்பதன்று, ‘புளிப்புக்கு மற்றைச் சுவைகள் இடம் விட்டனவா?’ என்பதே.

இரண்டாம் வினா இதனினும் நுட்பமானது. அது எவ்வகைப் புளிப்பு? ஆங்கிலத்தில் ஒரே சொல் பல புளிப்புகளையும் சுமக்கிறது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிச் சமைக்கும் தமிழ்ப் பெண்மணி எவரும் அவற்றை ஒன்றெனக் கொள்ளார். மோரின் புளிப்பு வேறு. புளியம்பழத்தின் புளிப்பு வேறு. எலுமிச்சையின் புளிப்பு வேறு. காடியின் புளிப்பு வேறு. வேதியியலும் அவர் பக்கமே நிற்கிறது. மோரில் இருப்பது லாக்டிக் அமிலம். புளியில் டார்டாரிக் அமிலம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். காடியில் அசிட்டிக் அமிலம். புளிப்பு ஸ்டவுட்டில் மோர்ப் புளிப்பு குணம். காடிப் புளிப்பு சிறிதளவு இருப்பின் அணி. மிகுந்தால் காற்று அளவுக்கு மேல் புகுந்துவிட்டது என்பதற்குச் சான்று. ஆங்கிலச் சுவைக்குறிப்புகள் செர்ரி, தோல், கறுப்புச் சாக்லெட் என அடுக்கும் பட்டியலைத் தமிழாக்குவதனால் இத்தெளிவு பிறவாது. அப்பட்டியல் அவரவர் வீட்டு நினைவிலிருந்து எழுந்தது. தமிழர் நாவின் நினைவில் மோரும் காடியும் கருப்பட்டியும் நெல்லிக்கனியும் உள்ளன. அவற்றைக் கொண்டு எழுதப்படும் குறிப்பே தமிழ்க்குறிப்பு ஆகும்.

பழந்தமிழ் காட்டும் முதிர்ச்சி

முதிர்ந்த மதுவைச் சொற்களால் அளந்தறிவது தமிழுக்குப் புதிதன்று. கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி, அரியல், பிழி எனச் சங்கநூல்களில் வரும் பெயர்களே ஒரு வகைப்பாட்டைக் காட்டுகின்றன. தேறல் என்பது தெளிவு குறித்த பெயர். பிழி என்பது செய்முறை குறித்த பெயர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் அரிசிக்கூழை ஆறவைத்து, முளையடை சேர்த்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து விளைவித்துப் பிழியும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறார். தானியத்தை முளையின் துணையால் மதுவாக்கும் இம்முறை, பீர் காய்ச்சும் கலைக்கு நெருங்கிய உறவுடையது. மூங்கிற்குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாம் பேசுகிறது. நிலத்தில் புதைத்து முதிரவைத்த மதுவைப் புறநானூறு அறியும். மரஞ்சார்ந்த கலத்தில் மது முதிர்ந்த செய்தி தமிழில் பதிவாகியுள்ளது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இன்னொன்றும் கருதத்தக்கது. நாட்பட்ட தேறலின் வீற்றைச் சொல்ல வந்த பழம்புலவர் அதனைத் தேள் கொட்டுவதன் கடுப்போடு ஒப்பிட்டார். பொருள்களின் பெயரை அடுக்காமல், உடலில் நேரும் விளைவை ஒரே உவமையில் நிறுத்தினார். இன்றைய சுவைக்குறிப்பு பத்துப் பெயர்களால் செய்ய இயலாததை அவ்வுவமை செய்துவிடுகிறது.

சொல்லாட்சியிலும் ஒரு நுட்பம் உண்டு. பழம்புலவர் மதுவுக்கு ‘விளைதல்’ என்னும் சொல்லை வழங்கினர். வயலில் பயிர் விளைவதும் சாடியில் மது விளைவதும் அவர்க்கு ஒரே வினை. பிற்காலத் தமிழ் வழங்கும் ‘புளித்தல்’ என்னும் சொல்லோ நொதிப்பையும் சுவையையும் ஒருங்கே குறிக்கிறது. இட்டலி மாவு நன்கு புளித்தது என்றால் பாராட்டு. மோர் புளித்துவிட்டது என்றால் குறை. கேட்டுப் புளித்த கதை என்றால் இகழ்ச்சி. ஒரே சொல் குணத்தையும் குற்றத்தையும் தாங்கி நிற்கிறது. எது எங்கே என்பதைப் பகுத்தறியும் பொறுப்பு சுவைஞனைச் சார்ந்தது.

சொல் சுருங்கிய வரலாறு

இத்துணை வளமான சொல்வழக்கு பின்னர் ஏன் சுருங்கியது? வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஈன்ற தாயின் முன்னும் களிப்பு இன்னாததாகும் என்பதை நினைவூட்டினார். அது ஒரு காரணம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர்க்கு இதனினும் கொடிய காரணம் இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடை, கூலியாக வந்த காசை மாலைக்குள் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வாயிலாக அமைந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். குடிப்பவரே கடையை மூடச் சொன்னார்கள் என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தி அன்று. அக்குடும்பங்களுக்குக் கள் என்பது சுவைப்பொருளாக இருந்ததில்லை. அடுப்பில் உலை ஏறாமைக்குக் காரணமாக இருந்தது. அந்நிலையில் சீர்திருத்தம் விரும்பியோர் மதுவின் நயம் பேச மறுத்தது நேர்மையே.

ஆயினும் அம்மறுப்பு ஒரு விளைவை விட்டுச் சென்றது. குடி என்றால் இழிவு என்னும் ஒரு பொருளே தமிழில் எஞ்சியது. மதுவின் நயம் ஆங்கிலத்துக்குப் போயிற்று. சிங்கப்பூரில் இப்பிளவு கண்கூடு. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தொழிலாளர் பேருந்தில் சிக்கி உயிரிழந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. விசாரணைக் குழு மதுவையும் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இரவு பத்தரை மணி முதல் காலை ஏழு மணி வரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தீவு முழுவதும் தடைசெய்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கூடுதல் கட்டுப்பாடுகள் கொண்ட வட்டாரங்களாயின.

அச்சட்டத்தின் தேவையை ஆராய்வது இக்கட்டுரையின் பணி அன்று. மொழியில் நேர்ந்ததே ஈண்டுக் கருத்திற்குரியது. ஆற்றங்கரை விடுதியில் ஒருவர் கையில் ஏந்தும் கோப்பை ‘சுவை’ எனப்படுகிறது. ஞாயிறு மாலை தொழிலாளி கையில் ஏந்தும் குவளை ‘சிக்கல்’ எனப்படுகிறது. இவற்றுள் முன்னதன் புளிப்பும், தொழிலாளியின் பாட்டன் பனையிலோ தென்னையிலோ இறக்கிய கள்ளின் புளிப்பும் ஒரே வகை நுண்ணுயிர்களின் வேலை. பாளையிலிருந்து வடிந்த சாறு சில மணி நேரத்திலேயே ஈஸ்டாலும் லாக்டிக் நுண்ணுயிராலும் மாறத் தொடங்குகிறது. மறுநாள் காடியை நெருங்குகிறது. புளிப்பு ஸ்டவுட்டை வியப்பவர் கள்ளை இகழ்வாராயின், அவர் இகழ்வது சுவையை அன்று. அதை அருந்தியவனின் நிலையை.

சுவைஞனின் கடன்

இதனால் மது அருந்துதல் நன்று என்பது கருத்தன்று. வள்ளுவர் கூறியதும், கிள்ளான் தொழிலாளர் கோரியதும் இன்றும் மெய்யே. குடியின் தீமையைக் கண்டிப்பவர்க்கும் பொருளைச் சரியாகப் பெயரிடும் கடமை உண்டு. அதியமான் சிறிதளவே கள் கிடைத்த நாளில் தனக்கென வைத்துக்கொள்ளாது ஒளவைக்கு ஈந்தான் என்னும் செய்தியைப் புறநானூற்றில் கற்பிக்கும் ஆசிரியர், ‘கள்’ என்னும் சொல்லை விரைந்து கடந்துவிட்டால் அக்கொடையின் அருமையை மாணவர் உணரார். அரிய ஒன்றைக் கொடுத்தான் என்பதே அக்கையறுநிலையின் உயிர். அதன் சுவை அறியாத மாணவர்க்கு அதன் இழப்பும் விளங்காது.

புளிப்பைக் கண்ட அளவிலேயே கெட்டது என்பது கற்றோர் தீர்ப்பாகாது; புதுமை என்பதனாலேயே போற்றுதலும் அத்தகையதே. எவ்வகைப் புளிப்பு, எந்த அளவு, எவற்றோடு இயைந்தது எனக் கேட்டபின் சொல்வதே தீர்ப்பு. பழைய பாடலொன்று முதிர்ந்து நிற்கிறதா, புளித்துப் போயிற்றா என மாணவர் வினவும்போதும் ஆசிரியர் பின்பற்றத்தக்க முறை இதுவே. அதற்கு வேண்டிய சொற்கள் மோர்ப்பானையிலும் காடிச்சாடியிலும் பழைய ஏடுகளிலும் உள்ளன. அவற்றை எடுத்து வழங்குவது சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறையின் பொறுப்பாகும்.