கண்ணாடிக்கு அப்பால் ஒரு நோயாளி

காட்டுயிர் மருத்துவமனை கட்டினால் பொதுமக்கள் பார்க்க ஒரு கண்ணாடிச் சுவரும் வைத்தாக வேண்டும் என்ற மோகம் வளர்ந்துவிட்டது. கண்ணால் பார்த்தால்தான் அக்கறை பிறக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம்.

ஆஸ்திரேலியாவில் ஹீல்ஸ்வில் சரணாலயத்துக்காக மினிஃபி நிக்சன் நிறுவனம் வடிவமைத்த வனவிலங்கு நல மையத்தில் இந்த நியாயமே கட்டடமாக எழுந்து நிற்கிறது. நடுவே பார்வையாளர் கூடம்; சுற்றிலும் சிகிச்சை அறைகள். கூரையின் வளைவு, பிரேசில் கணிதவியலாளர் செல்சோ கோஸ்டா 1982இல் கண்ட கணிதப் பரப்பிலிருந்து பிறந்தது. அழகான கட்டடம், சந்தேகமில்லை. அறுவை சிகிச்சையைப் பார்த்த குழந்தை அதை எளிதில் மறக்காது. மயக்கத்தில் கிடக்கும் விலங்குக்குக் கூட்டம் தெரியாது என்பதும் சரிதான்.

ஆனால் மயக்கம் எவ்வளவு நேரம்? பிடிபட்ட பீதியிலேயே தசை சிதைந்து, சில நாள் கழித்துக்கூடச் செத்துப்போகும் பிராணி கங்காரு. அதற்கு முதல் மருந்து இருட்டும் அமைதியும். அவற்றைத் தர வேண்டியது கட்டடம். வரைபடத்தின் நடுவிடத்தை மனிதருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளியை விளிம்பில் வைப்பவர், யாருக்காகக் கட்டுகிறோம் என்ற கேள்விக்கு அப்போதே பதில் சொல்லிவிடுகிறார்.

பேரிடர் வந்தால் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். 2009 பிப்ரவரி 7 அன்று அதே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் மாண்டார்கள். காட்டில் மடிந்தவற்றுக்கு யாரிடமும் கணக்கில்லை. அத்தகைய தீயிலிருந்து தப்பி வரும் கோலாவின் உள்ளங்கால் வெந்து தோல் உரிந்திருக்கும், நகம் கழன்றிருக்கும். காயத்தின் கட்டை மாற்ற ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். குணமாக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அன்றாடம் புதிதாக யூகலிப்டஸ் தழை வெட்டி வர வேண்டும். தழை வாடாமல் வைக்கக் குளிர்ந்த அறை வேண்டும்; வண்டி பின்வாங்கி நிற்க முற்றம் வேண்டும்; கிளமிடியா தொற்றிய கோலாவுக்குத் தனி வாசலும் தனி அறையும் வேண்டும்; ஒரே இரவில் பத்து மடங்கு நோயாளிகள் வந்தால் விரித்துக்கொள்ளக் காலி இடம் வேண்டும்.

இவை எதுவும் புகைப்படத்தில் எடுபடாது. கட்டடக்கலைப் பரிசுக் குழுவை மயக்குவது கூரைதான். காட்டுயிர் மருத்துவமனைக்குப் பரிசு கொடுப்பவர்கள் முதலில் பின்வாசல் வழியே உள்ளே போய்ப் பார்க்கட்டும். மக்களுக்குக் காட்டத்தான் வேண்டுமென்றால், அறுவை அறையில் ஒரு கேமராவும் சற்றுத் தள்ளி வேறொரு கட்டடத்தில் ஒரு திரையும் போதும். மிச்சமாகும் இடத்தைக் கூண்டுகளுக்குக் கொடுக்கலாம்.