வோடுனும் முழுமுதற் கடவுளும்

மேலை ஆப்பிரிக்காவில், முன்னர்த் தகோமே எனப்பட்டு 1975 முதல் பெனின் என வழங்கும் நாட்டில் வாழும் ஃபோன் மக்களின் சமயத்தை விளக்கப் புகும் நூல்கள் பெரும்பாலும் ஒரே வகையில் தொடங்குகின்றன. மாவூ என்னும் முழுமுதற் கடவுள் உச்சியில் உளது. இடிக்குரிய ஹெவியோசோ, நிலத்துக்கும் பெரியம்மைக்கும் உரிய சக்பாத்தா, இரும்புக்குரிய கூ முதலிய ஆவிகள் அதன் ஏவல் கேட்டு ஒழுகுகின்றன என்பர். படம் வரைந்து காட்டுதற்கு ஏற்றதாதலின் இவ்வடுக்கு ஆசிரியர்க்கும் விருப்பமானதாயிற்று. ஆயின், வழிபடுவோர் உள்ளத்திலும் அஃது அவ்வாறே அமைந்துளதா என்பது எம் ஐயம்.

1658இல் மாட்ரிட் நகரில் கிறித்தவ வினாவிடை நூலொன்று இசுப்பானிய மொழியிலும் அல்லாடா நாட்டு மொழியிலும் ஒருங்கே அச்சாயிற்று. அல்லாடா மொழி ஃபோன் மொழிக்கு நெருங்கிய உறவுடையது. அந்நூலில் கடவுளைக் குறிக்க ஆளப்பட்ட சொல் மாவூ அன்று, வோடு என்பதே. இயேசுவுக்கு லிசா என்னும் நாட்டுத் தெய்வப்பெயர் தரப்பட்டது. பிற்கால மொழிபெயர்ப்புகளிலோ மாவூ கடவுளாயிற்று. வோடுன் சிற்றாவியாகவும் பேயாகவும் தாழ்ந்தது. முன்னையோர் அறியாது பிழைத்தனர் என்று தள்ளிவிடுதல் எளிது. பின்னையோர் பிழையாது தேர்ந்தனர் என்பதற்கு மட்டும் சான்று யாது? சொல்லின் இவ்வீழ்ச்சியில் மக்கள் கொள்கையைவிட மொழிபெயர்த்தோர் கொள்கையே மிகுதியும் புலப்படுகிறது.

ஹெர்ஸ்கோவிட்ஸ் 1938இல் வெளியிட்ட தகோமே பற்றிய இரு தொகுதிகள் இன்றும் தவிர்த்தற்கு அரியன. அவற்றுள் மாவூ தனித்து நில்லாது, லிசாவோடு இணைந்த இரட்டையாகவே காட்சி தருகிறது. மாவூ பெண், திங்கள். லிசா ஆண், ஞாயிறு. இவ்விரண்டையும் ஈன்ற நானா புலூக்கு என்னும் தெய்வமும் கூறப்படுகிறது. உச்சிக்கு மேலும் ஓர் உச்சி உண்டெனின் முழுமுதல் எது? மேலும், இவ்விணையின் வழிபாட்டை அபோமே தலைநகர்க்குக் கொணர்ந்தவள், தெக்பேசு மன்னன் (1740–1774) காலத்தில் அரசத்தாய்ப் பதவி வகித்த ஹ்வன்ஜிலே என்பது அந்நகரத்து மரபுச் செய்தி. ஆதலின் அவ்வடுக்கில் அரண்மனையின் சாயல் படிந்துளது எனல் மிகையாகாது. ஹெர்ஸ்கோவிட்ஸ் இச்சாயலைப் போதிய அளவு பிரித்துக் காணவில்லை என்பது எம் கருத்து.

மாவூவைப் படைப்போனாகப் பலர் போற்றுதலை யாம் மறுக்கவில்லை. எம் தடை ‘ஆவி’ என்னும் மொழிபெயர்ப்பின் மேலதே. தமிழில் அச்சொல் உயிரையும் இறந்தோரையும் நினைப்பூட்டும். வோடுனுக்கோ கோயிலும் பூசகரும் விழாவும் உண்டு. அதற்கெனத் தீக்கை பெற்றோர், ஆணாயினும் பெண்ணாயினும், ‘வோடுன்சி’ எனப்படுவர். வோடுனின் மனைவி என்பது அதன் பொருள். மனைவியாக ஒருவரைக் கொள்ளும் அதனைத் ‘தெய்வம்’ என்றே எழுதலாம்.