படிவம் நிரப்பும் நிதானம்
திண்டுக்கல்லில் புதிதாகச் சேர்ந்த எல்.ஐ.சி. முகவர், மூத்தவரோடு சுற்றித் தொழில் பழகுவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். 25 மணி நேரப் பயிற்சியும் 50 கேள்விகள் கொண்ட ஐசி-38 தேர்வும் பிரீமியம், நாமினி, சரண்டர் எல்லாவற்றையும் சொல்லித்தந்துவிடும். காது கொடுக்கும் பொறுமை மட்டும் பூட்டுப் பட்டறை வாசலில்தான் படியும். அரத்தின் கீச்சொலி ஓயும்வரை காத்திருந்து, "அண்ணே, சுகருக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று மூத்தவர் கேட்கும் குரலில் அவசரமே இருக்காது. பதிலில் ஒரு தயக்கம் தெரிந்தால் பேனாவை மூடிவிட்டு ஊர்க்கதை பேசுவார். உண்மை தானாக வரும்.

சின்னாளபட்டி நெசவாளர் வீட்டில், மஞ்சள் பையிலிருந்து வெளிவரும் ஆதாரின் மடிப்பை நீவி, இனிஷியல், பிறந்த தேதி, நாமினி பெயர் என்று இளையவர் விரல்வைத்து ஒப்பிடுகிறார். தறிச் சத்தத்துக்கு நடுவே பேனா முனை மெல்ல நகர்கிறது. கையெழுத்து நடுங்குகிறவருக்குப் படிவத்தைத் திருப்பி வைத்து, இடம் காட்டிவிட்டுக் காத்திருக்கிறார். நாமினி பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், பணம் தேவைப்படும் நாளில் ஒரு குடும்பம் அலைய நேரும். அந்த ஓர் எழுத்துக்காக நிதானிக்கக் கற்றவரே நல்ல முகவர்.