ஏழாம் தலைமுறை செய்த பாவம்

எங்கள் பேட்டை சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு எதிரே ஒரு டைப்பிங் சென்டர் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரில் முருகன் காலண்டர். நடத்துகிற அம்மாளை எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், வாரிசுச் சான்றிதழ் மனு, எது வேண்டுமானாலும் அங்கே கிடைக்கும். 2025 அக்டோபரில் ஒரு வாடகை ஒப்பந்தத்துக்காகப் போயிருந்தேன்.

"சார், நீங்க பத்திரிகையில எழுதறவர்தானே, ஒண்ணு கேக்கலாமா? இந்த ரெண்டு மெஷினும் இனிமே ஆகாது, தூக்கிப் போட்ருங்கன்னு கடைக்காரத் தம்பி சொல்லிட்டுப் போறான். புதுசு ரெண்டும் சேர்த்து எழுபதாயிரம் ஆகுமாம். நல்லாத்தானே சார் ஓடுது?"

நன்றாகத்தான் ஓடியது. 2017-ல் அசெம்பிள் செய்தவை. இன்டெல் கோர் ஐ3-7100, 8 ஜி.பி. ராம், பிற்பாடு மாற்றிய எஸ்.எஸ்.டி. சுவிட்சைப் போட்டுவிட்டு அக்கா சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றித் திரும்புவதற்குள் திரை தயாராக இருக்கும். தமிழ் டைப் அடிக்க, ஸ்கேன் எடுக்க, சொத்து வழிகாட்டி மதிப்பு பார்க்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

அடியேன் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் பேரேடு ஞாபகம் வந்துவிடும். கம்ப்யூட்டருக்கு வருமான வரிக் கணக்கில் வருடத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். அக்கா ஒரு மெஷினை 25,000 ரூபாய்க்கு வாங்கினார் என்று வையுங்கள். முதல் வருட முடிவில் 15,000. அடுத்து 9,000. அப்புறம் 5,400. இப்படியே தேய்ந்து தேய்ந்து எட்டாவது வருடக் கடைசியில் 420 ரூபாயில் வந்து நிற்கும். கவனியுங்கள், 420. பூஜ்யம் இல்லை. கணக்குப்பிள்ளைகள் கருமிகள்தான், ஆனாலும் ஓடுகிற மெஷினைச் செத்துப்போனதாக எழுதமாட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் எழுதியது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. அடுத்தது விண்டோஸ் 11. அதற்கு அக்காவின் மெஷின் தகுதி இல்லையாம். ஏன் இல்லை என்று விசாரிக்கப் புகுந்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

முன்பெல்லாம் ஒரு புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தால் அது கேட்டது அளவுகளை. இவ்வளவு ராம், இவ்வளவு வேகம், இவ்வளவு இடம். போதவில்லையென்றால் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ராம் வாங்கிச் செருகினோம், முடிந்தது. 2009-ல் வந்த விண்டோஸ் 7 கேட்டதும் ஒரு கிகாஹெர்ட்ஸ், ஒரு ஜி.பி. ராம்தான், 2015-ல் வந்த விண்டோஸ் 10-ன் 32 பிட் பதிப்பு கேட்டதும் அதேதான். ஆறு வருடப் பழைய மெஷினும் மரியாதையோடு உள்ளே போனது.

2021 அக்டோபர் 5-ல் வெளிவந்த விண்டோஸ் 11 இந்த வழக்கத்தை மாற்றியது. 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம். சரி. செக்யூர் பூட் வசதி. சரி. டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு. அதுவும் சரி, ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் குட்டி இரும்புப் பெட்டி அது. பல மதர்போர்டுகளில் தனிச் சில்லாக இல்லாமல் பிராசஸருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பயாஸுக்குள் போய் உயிர் கொடுக்க வேண்டும். அக்காவின் மெஷினில் இன்டெல் பி.டி.டி. என்ற பெயரில் இருந்தது. ஆன் செய்தேன். நான்கும் பாஸ்.

ஐந்தாவதாக ஒரு பட்டியல். அனுமதிக்கப்பட்ட பிராசஸர்களின் பெயர்ப் பட்டியல். இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து. ஐ3-7100 ஏழாம் தலைமுறை. ஃபெயில்.

அதாவது, 'உனக்கு எவ்வளவு பலம்?' என்று கேட்பது போய், 'நீ எந்த வருஷம் பிறந்தாய்?' என்று கேட்கிற நுழைவுத் தேர்வு. பலம் குறைந்தால் கூட்டிக்கொள்ளலாம். பிறந்த வருஷத்தை என்ன செய்வதாம்?

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் தணிக்கை செய்து பார்ப்போம். இன்டெல் செலிரான் என்4000 என்று ஒரு பிராசஸர். மலிவு லேப்டாப்களில் போடுவது. இரண்டு கோர், அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ். அது பட்டியலில் உண்டு. அக்காவின் ஐ3-7100 வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ். அது இல்லை. சைக்கிள் மேம்பாலத்தில் போகலாம், மோட்டார் சைக்கிள் கூடாது என்கிற மாதிரி.

'வேகம் பிரச்னையில்லை, பாதுகாப்புதான் பிரச்னை' என்பது மைக்ரோசாஃப்ட் தரப்பு. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. விண்டோஸ் 11 தன் மையப் பகுதியை ஒரு தனி அறையில் பூட்டிக் காவல் வைக்கிறது. 'மெமரி இன்டெக்ரிட்டி' என்று பெயர். பிராசஸருக்குள்ளேயே இதற்கு ஒரு வசதி இருந்தால் மெஷின் தளராது; இல்லாவிட்டால் சாஃப்ட்வேரில் ஒப்பேற்ற வேண்டும், வேகம் அடிபடும். நியாயம்தான். ஆனால் அந்த வசதி இன்டெல்லில் எப்போது வந்தது? மைக்ரோசாஃப்டின் தொழில்நுட்பக் குறிப்பே சொல்கிறது: 'கேபி லேக்' முதல். கேபி லேக் என்பது ஏழாம் தலைமுறையின் செல்லப் பெயர்! அதே குறிப்பில் ஏ.எம்.டி.க்கு 'ஸென் 2' முதல் என்று இருக்கிறது. பட்டியலிலோ அதற்கு முந்தைய ரைஸன் 2000 வரிசை தாராளமாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. வசதி இருப்பவனுக்கு இல்லை, இல்லாதவனுக்கு உண்டு.

இன்னொரு வேடிக்கை. 2021 ஆகஸ்டில் ஏழாம் தலைமுறையை மறுபரிசீலனை செய்தார்கள். கோர் எக்ஸ், ஸியான் டபிள்யூ போன்ற விலையுயர்ந்த வரிசைகளைச் சேர்த்தார்கள். சாதாரண ஏழாம் தலைமுறையிலிருந்து ஒரே ஒரு ஆசாமிக்கு விலக்கு: கோர் ஐ7-7820ஹெச்.க்யூ. அது எந்த மெஷினில் இருக்கிறது தெரியுமா? 2018-ல் மைக்ரோசாஃப்டே 3,499 டாலரிலிருந்து விலை வைத்து விற்ற 'சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2'-ல். தன் வீட்டுப் பிள்ளை என்றால் பிறந்த வருஷம் பார்ப்பதில்லை போலும்.

அதே மாதம் ஒரு புள்ளிவிவரமும் தந்தார்கள். தகுதியில்லாத மெஷின்களில் சோதித்தபோது மையப் பகுதி முடங்குவது 52 சதவீதம் அதிகமாம். தகுதியுள்ளவற்றில் 99.8 சதவீதம் முடக்கமில்லாத அனுபவமாம். படிக்கும்போது பகீர் என்கிறது. ஆனால் 52 சதவீதம், எதன் மேல் அதிகம்? அடிப்படை எண்ணைத் தரவில்லை. ஆயிரத்துக்கு இரண்டு மூன்றானாலும் 50 சதவீதம் அதிகம்தான். நூற்றுக்கு இருபது முப்பதானாலும் 50 சதவீதம்தான். கூடவே சொன்ன 99.8-ஐப் பார்த்தால் முதல் ரகமாகத்தான் தோன்றுகிறது. மூலத்தொகை சொல்லாமல் வட்டி மட்டும் சொல்கிறவரிடம் நான் சீட்டுக் கட்டமாட்டேன்.

சரி, கதவு பூட்டியிருக்கிறது. ஜன்னல்?

நிறைய ஜன்னல்கள். முதல் ஜன்னலை மைக்ரோசாஃப்டே திறந்துவைத்தது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால் பட்டியலில் இல்லாத பிராசஸரிலும் விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு ஏறலாம் என்று 2021-ல் தன் உதவிக் குறிப்பிலேயே எழுதியிருந்தது. 'உங்கள் சொந்தப் பொறுப்பில்' என்ற எச்சரிக்கையுடன். பிற்பாடு அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். இரண்டாவது, 'ரூஃபஸ்' என்ற இலவச சாஃப்ட்வேர். விண்டோஸ் 11-ஐ 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றும்போது, 'ராம், செக்யூர் பூட், டி.பி.எம். நிபந்தனைகளை நீக்கட்டுமா?' என்று பணிவாகக் கேட்கும். டிக் அடித்தால் போதும். இது பைரஸி இல்லை. விண்டோஸ் 10-க்கு முறையான உரிமம் இருந்தால் 11-க்கும் அதுவே செல்லும். தந்திரம் நுழைவுத் தேர்வில் மட்டும்தான்.

அக்காவின் ஒரு மெஷினில் ரூஃபஸ் வழியாகப் போட்டுப் பார்த்தோம். ஃபைல்களை முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டுத்தான். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. டைப் அடித்தது, பிரின்ட் போனது, ஸ்கேனர் விழித்துக்கொண்டது. முன்பைவிட மெதுவென்று அக்கா சொல்லவில்லை. ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "பொட்டிக்கு நடுவுல என்ன சார் வேலை அதுக்கு?" ஓரத்துக்குத் தள்ளிக் கொடுத்தேன்.

அப்புறம் என்ன, சுபம் போட்டுவிடலாமா? கூடாது. குடியேறுவது சுலபம், தொடர்ந்து குடியிருப்பதில்தான் சங்கடம்.

இப்படிப் போட்ட மெஷின்களுக்கு மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்கள் நடைமுறையில் வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. ஆனால் வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. உரிமை கோர முடியாது என்றே எச்சரிக்கை சொல்கிறது. வருடாந்தரப் புதுப் பதிப்பு தானாக வராது. சாதாரணப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம். அதற்குள் யாராவது வந்து இதே ஜன்னல் வேலையைத் திரும்பச் செய்தாக வேண்டும். ஜன்னலைச் சுவர் வைத்து அடைத்துவிடுவதும் நடக்கும். 2024-ல் வந்த 24ஹெச்2 பதிப்பு, 'பாப்கவுன்ட்' என்கிற, ஓர் எண்ணில் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று எண்ணும் பொடிக் கட்டளை பிராசஸரில் இல்லாவிட்டால் கிளம்பவே கிளம்பாது. இன்டெல் கோர் 2 டுயோவில் அது இல்லை. அதுவரை எப்படியோ 11-ஐ ஓட்டிவந்த அந்தக் கிழவர்களுக்கு அத்துடன் பயணம் முடிந்தது. இதற்கு ரூஃபஸும் ஒன்றும் செய்ய முடியாது.

பேசாமல் விண்டோஸ் 10-லேயே இருந்தால்? வீட்டு மெஷின்களுக்கு 30 டாலர் கட்டணத்திலோ, சில நிபந்தனைகளுடன் இலவசமாகவோ 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் என்று அறிவித்தார்கள். வியாபாரத்துக்கு முதல் வருடம் மெஷினுக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு, மூன்று வருடம்தான். பேரேட்டில் 420 ரூபாய் மதிப்புள்ள மெஷினுக்கு முதல் வருடச் சந்தா ஐயாயிரத்துக்கு மேல்! திருத்தமே இல்லாமல் விட்டுவிடலாமென்றால், அக்காவின் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது அவருடைய சமாசாரம் மட்டுமில்லை. ஊராரின் ஆதார் நகலும் கிரயப் பத்திரமும். என்னுடையதும்.

லினக்ஸ் மின்ட் இலவசம், பழைய மெஷினில் பாந்தமாக ஓடும், தமிழ்99-ல் அடிக்கலாம். வீட்டில் பிரவுசரும் ஈமெயிலும் போதுமென்பவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். ஆனால் டேலியும் பேஜ்மேக்கரும் இங்கே ஓடுவது விண்டோஸில். பதினைந்து வருடப் பத்திர மாதிரிகளைப் பேஜ்மேக்கரில் வைத்திருப்பவரிடம் லினக்ஸ் பெருமை பேசுவது, பசித்தவனுக்குச் சமையல் புத்தகம் கொடுப்பது மாதிரி.

ஆக, என் தீர்ப்பு இதுதான். பாதுகாப்புக்காக டி.பி.எம். கேட்டது சரி. 2016 ஜூலை முதலே புது மெஷின்களில் அதை வைக்கும்படி கம்ப்யூட்டர் கம்பெனிகளிடம் மைக்ரோசாஃப்ட் சொல்லிவந்திருக்கிறது. அந்தக் கோட்டோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அதைத் தாண்டி ஒரு பெயர்ப் பட்டியலைப் போட்டது, அதிலும் தன் சரக்குக்கு விலக்கு வைத்தது, பாதுகாப்பு இல்லை. விற்பனை வசதி. கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-ல் போட்ட மதிப்பீட்டின்படி இதனால் குப்பைக்குப் போகக்கூடிய மெஷின்கள் 24 கோடி. பேரேட்டில் இந்தச் செலவை எந்தத் தலைப்பில், யார் கணக்கில் எழுதுவது?

உங்கள் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்புக்கு வருவோம். கோர் 2 டுயோ காலத்தது என்றால் 11 ஆசையே வேண்டாம். ஐந்தாம் தலைமுறை வரை என்றால் ஓடும், ஆனால் சிரமத்துக்குப் பலனில்லை, லினக்ஸ் போடுங்கள். ஆறு, ஏழாம் தலைமுறையாக இருந்து, டி.பி.எம். 2.0, 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. மூன்றும் இருந்தால் தைரியமாகப் போட்டுப் பாருங்கள். ஃபைல்களை முதலில் நகலெடுங்கள். மாதாமாதம் திருத்தம் வந்ததா என்று பாருங்கள். மிக முக்கியம், அடுத்த பதிப்புக்கு யார் வந்து போட்டுத் தருவார்கள் என்பதை இன்றைக்கே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் புது மெஷினுக்குச் சேமிக்க ஆரம்பிப்பதே உத்தமம். கம்பெனி கைவிட்ட மெஷினுக்கு 'சப்போர்ட்' என்பது ஒரு தெரிந்த மனிதர்தான்.

அக்காவுக்கு இதெல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். வாடகை ஒப்பந்தத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

"அப்ப, அடுத்த தடவை புதுசு வரும்போது நீங்களே வந்து போட்டுக் குடுத்துடுவீங்கல்ல சார்?"

டயரியில் குறித்துக்கொண்டேன்.