'குடும்பப் பின்னணி' என்னும் கருத்துருவும் ஊவாத் தோட்டப் பிள்ளைகளும்

பிள்ளைகளின் கல்வியடைவையும் உடல், உள வளர்ச்சியையும் ஆராயும் கட்டுரைகளில் 'குடும்பப் பின்னணி' என்னும் தொடர் மிகுதியாக ஆளப்படுகின்றது. தந்தையின் வருமானம், தாயின் கல்வி, வீட்டு அறைகளின் எண்ணிக்கை ஆகியன அட்டவணைப்படுத்தப்பட்டுப் பிள்ளையின் தேர்ச்சியோடு ஒப்பிடப்படுகின்றன. 1966இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கை, பாடசாலை வளங்களைக் காட்டிலும் வீட்டுச் சூழலே மாணவர் அடைவைப் பெரிதும் நிர்ணயிக்கின்றதெனக் கூறிய பின்னர் இவ்வாய்வுமுறை வலுப்பெற்றது. இதனைப் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களுக்கு அவ்வாறே பொருத்துதல் தகுமா என்பதே ஈண்டு எழும் வினா.

அட்டவணையின் கூறுகளைத் தனித்தனியே நோக்குவோம். லயத்துக் காம்பராவைத் தொழிலாளி கட்டவுமில்லை, வாங்கவுமில்லை. தோட்ட நிருவாகம் கொடுத்தது. குடும்பம் பெருகினாலும் காம்பரா பெருகுவதில்லை. ஊவா மண்ணிலிருந்து எழுந்த தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்னும் சிறுகதை, வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஓரறைக்குள் உறங்கவேண்டிய அவலத்தைக் காட்டுவது. அக்கதையைத் தனியொரு குடும்பத்தின் ஒழுக்கக்கேடாக வாசிப்போர், கதையின் மெய்யான பாத்திரமாகிய அறையைக் காணத் தவறுகின்றனர்.

வருமானமும் அத்தகையதே. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகை நாட்கூலியை வகுக்க வழிசெய்தது. சிறுவர் கூலியென ஒரு வகை சட்டத்திலேயே இருந்தவிடத்து, 'பிள்ளையை வேலைக்கு அனுப்பும் பெற்றோர்' என்று குடும்பத்தை மட்டும் குறைகூறுதல் எங்ஙனம் பொருந்தும்? ஆண் பெண் கூலி சமமானது 1984இலேயே. தாயின் கல்வியின்மையைக் குறிப்போர், 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளின் கல்வியை மட்டுமே தோட்டத்துரையின் கடமையாக்கியதையும், 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டாமையையும் குறிப்பதில்லை. அரசு அப்பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றைப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேயே. அதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தமும் எந்நாட்டிற் படிப்பது, எதற்காகப் படிப்பது என்ற வினாவையே பிள்ளைகள் முன் வைத்தன.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமற்ற பிள்ளைகள் நாட்டளவில் 17.3 வீதத்தினர், தோட்டத்துறையில் 31.7 வீதத்தினர். இவ்விடைவெளிக்குத் தாய்மாரின் அறியாமையும் தந்தையரின் குடியும் எளிதாகக் காரணங் காட்டப்படுகின்றன. குடியின் கேட்டை மறுப்பதற்கில்லை. எனினும் தாய் காலையிற் பிரட்டுக்குச் செல்லுமுன் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைக்கிறாள். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிடில் அரைப்பேரே விழும். பாலூட்டும் நேரத்தைத் தராசும் தீர்மானிக்கின்றது. போசாக்குப் பற்றி அவளுக்கு விரிவுரையாற்றுவோர் தராசுக்கு எதுவும் சொல்வதில்லை.

முற்போக்காளர் சிலர் இதன் மறுகோடிக்குச் சென்று, தோட்டமே யாவும், குடும்பம் ஒன்றுமில்லை என்பர். அதுவும் பொருந்தாது. ஒரே தோட்டத்திற் கங்காணியின் பிள்ளையும் கூலியாளின் பிள்ளையும் ஒரே வாய்ப்புடன் வளர்ந்ததில்லை. மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் பலர் கொழுந்தெடுத்த தாய்மாரின் பிள்ளைகள். அத்தாய்மாரின் முயற்சி அட்டவணையின் எந்நிரலிலும் அடங்காதது. குடும்பத்தின் வலிமையும் மெலிவும் தோட்டம் வகுத்த எல்லைக்குள் இயங்குவன என்பதே நமது கூற்று.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணிற் புதையுண்டன. பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர்தப்பிய பிள்ளைகள் உளர். அவர்களுட் சிலருக்குத் திரும்பிச் செல்லப் பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் சொந்த நிலமற்ற குடும்பங்கள் தாமாக எங்கே பெயர்ந்து செல்வது? அப்பிள்ளைகளின் பின்னாளைய கல்வியடைவை 'பெற்றோரை இழந்த குடும்பம்' என்ற நிரலில் ஒருவர் பதியக்கூடும். பதிவு பிழையன்று. ஆனால் நிலம் யாருடையது, எச்சரித்த பின்னும் குடும்பங்கள் ஏன் அங்கிருந்தன என்பவற்றை அந்நிரல் கேளாது.

ஆகவே ஊவாவில் இத்துறையில் இறங்கும் ஆய்வாளர் குடும்பத்தோடு தோட்டத்தையும் ஓர் அலகாகக் கொள்ளுதல் வேண்டும். கம்பனி எது, நாளுக்கு விதிக்கப்படும் கொழுந்தின் நிறை எவ்வளவு, பிள்ளைக் காம்பரா எந்நேரம் திறக்கின்றது, லயத்துக்கு நீர் எங்கிருந்து வருகின்றது, மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்க விரும்பும் மாணவி தமிழ்மொழியில் அதனைக் கற்பிக்கும் பாடசாலைக்கு எத்தனை கிலோமீற்றர் செல்லவேண்டும் என்பனவும் வினாக்கொத்தில் இடம்பெறவேண்டும். இவற்றிற்கு விடைதரவேண்டியவர் தாயோ தந்தையோ அல்லர். தோட்டக் காரியாலயமும் மாகாணக் கல்வித் திணைக்களமுமே.