விழுந்த மரங்களின் திசை

ஏப்ரல் என்றதும் எலியட்டைத் துணைக்கு அழைத்து வருவது ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவர்களின் வியாதி. எனக்கும் அது உண்டு, இங்கே அடக்கிக்கொள்கிறேன். நான் பேசப்போகும் ஏப்ரல் குறியீடு அல்ல. 1974ஆம் வருஷம் ஏப்ரல் 3, 4 ஆகிய இரண்டு தேதிகள்.

24 மணி நேரத்துக்குள் அமெரிக்காவின் 13 மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக 148 டொர்னாடோக்கள் இறங்கின. 300 பேருக்கு மேல் செத்தார்கள். நம் கடற்கரைக்கு வரும் புயலைப்போல நாட்கணக்கில் கடல்மேல் திரண்டு, அறிவித்துவிட்டு வருவதல்ல டொர்னாடோ. மெக்ஸிகோ வளைகுடாவின் ஈரக்காற்று கீழே, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று மேலே, அதற்கும் மேலே ஜெட் காற்றோட்டம்; இந்த அடுக்கு குலையும்போது எழும் இடிமேகங்களிலிருந்து, சில நிமிஷங்களுக்கு, தெருவளவோ ஊரளவோ அகலத்தில் தரையைத் தொட்டுவிட்டுப் போவது. வசந்தம் அதன் பருவம்.

ஐம்பது வருஷங்களாக இந்த நாளைத் திரும்பிப் பார்த்து எழுதிவருகிறார்கள். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு காரியங்களைச் செய்கின்றன. முதலில் எண்களை அடுக்குகின்றன. பிறகு ஓஹையோ மாநிலத்து ஜீனியா நகரத்தின் உயர்நிலைப் பள்ளிக்கு நம்மை அழைத்துப் போகின்றன. மாலை வேளை, பள்ளி விட்டாயிற்று, சில மாணவர்கள் மேடையில் நாடக ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புயலைக் கண்டு மேடையை விட்டு ஓடி நடைக்கூடத்தில் படுத்துக்கொள்கிறார்கள். காற்று போன பிறகு பார்த்தால், அவர்கள் நின்ற மேடையில் ஒரு பள்ளிப் பேருந்து கிடக்கிறது.

உண்மையில் நடந்ததுதான். ஆனாலும் இந்தப் பேருந்தின்மேல் எனக்குச் சந்தேகம். அது தயாராக வந்து விழுந்த படிமம். எழுதுகிறவன் ஒன்றும் செய்ய வேண்டாம். மேடை, ஒத்திகை, விதி எல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு ஜீனியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு விருந்தோம்பல் என்று பொருள். இப்படி முரண்நகை தானாக வந்து கையில் உட்காரும்போது எழுத்தாளன் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான்.

பார்ப்பதை நிறுத்தாதவர் ஒருவர் இருந்தார். டெட் ஃபுஜிதா. சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஜப்பானியர். டொர்னாடோக்களைத் தரம் பிரிக்க 1971இல் அளவுகோல் தந்தவர். ஏப்ரல் 3, 4க்குப் பிறகு அவர் சிறிய விமானத்தில் அந்தப் பாதைகளின்மேல் பறந்தார். 148 தடங்களுக்கும் எண் கொடுத்து ஒரே வரைபடத்தில் வரைந்தார். அந்த நாளைப் பற்றிய மிகச் சிறந்த எழுத்து அந்த வரைபடம்தான் என்பது என் அபிப்பிராயம். அதில் ஒரு உணர்ச்சிச் சொல் கிடையாது.

மேற்கு வர்ஜீனியாவில் பெக்லிக்கு அருகே அவர் கண்ணில் பட்டது வேறொன்று. டொர்னாடோ சுழல்வது, மரங்களையும் அதற்கேற்ற ஒழுங்கில் சாய்க்கும். இங்கே மரங்கள் ஒரு மையத்திலிருந்து நாலாபுறமும் வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன. இதை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு விமானம் முதலில் போனது கொகுராவுக்கு. மறைந்து கிடந்த வானம் அந்த நகரத்தைக் காப்பாற்றியது. குண்டு நாகசாகியில் விழுந்தது. ஃபுஜிதா அப்போது கொகுரா வட்டாரத்துக் கல்லூரியில் இளம் ஆசிரியர். பிறகு நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய்ச் சேதத்தை ஆராய்ந்தார். மேலிருந்து வந்த அடி மரங்களை எப்படிச் சாய்க்கும் என்பதை அங்கே படித்துக்கொண்டார். மேகத்திலிருந்து நேர்கீழாகக் குத்தி இறங்கித் தரையில் பரவும் காற்று ஒன்று உண்டு என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோனது இந்த ஞாபகம். பலர் நம்பவில்லை. ஆனால் விமானங்களை இறங்கும் நேரத்தில் வீழ்த்துவது அந்தக் காற்றுதான் என்பது பின்னால் உறுதிப்பட்டது.

விமர்சகனின் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். எவ்வளவு விழுந்தது என்று எண்ணுவதோடு நிற்காமல், எந்தப் பக்கமாக விழுந்தது என்று பார்ப்பது.

ஃபுஜிதாவின் முறையிலும் ஒரு குறை உண்டு. அவர் அளவுகோல் காற்றை நேராக அளப்பதில்லை. காற்று உடைத்ததைப் பார்த்துக் காற்றின் வேகத்தை ஊகிக்கிறது. ஜீனியாவுக்குக் கிடைத்த உச்சத் தரத்துக்கு மணிக்கு 261 மைலுக்கு மேல் என்று கணக்கு. பிறகு பொறியாளர்கள் வேறு சொன்னார்கள்: அஸ்திவாரத்தோடு சரியாகப் பிணைக்கப்படாத வீட்டைப் பெயர்க்க அத்தனை வேகம் தேவையில்லை. 2007இல் அளவுகோல் திருத்தப்பட்டு, உச்சத் தரம் 200 மைலுக்கு மேல் என்று இறங்கியது. சேதம் இரண்டைச் சொல்கிறது: காற்றின் பலத்தை, வீட்டின் கட்டுமானத்தை. ஒரு கவிதை என்னைச் சாய்த்துவிட்டது என்று எழுதும் நம் விமர்சகர்களிடம் நான் கேட்க விரும்புவதும் இதுதான். நீங்கள் எப்படிக் கட்டப்பட்டவர்?

இந்த உவமையோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்குத் திருப்தியாகவே இருந்திருக்கும். முடிக்க விடாமல் தடுப்பது இன்னொரு ஏப்ரல். 1989 ஏப்ரல் 26, வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டம், சாட்டூரியா. வங்காளத்தில் கால்பைசாகி என்று சொல்லும் கோடைப்புயல் பருவத்தில் இறங்கிய டொர்னாடோ. பதிவான டொர்னாடோக்களில் மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது இதுதான். சுமார் 1300 பேர். தகரமும் மூங்கிலுமான குடிசை குறைந்த காற்றிலேயே போய்விடும். அதற்குமேல் காற்று எத்தனை வேகத்தில் வீசினாலும் விட்டுச்செல்லும் தடம் ஒன்றுதான். சேதத்தைப் படிக்கும் முறை அந்த இடத்தில் வாயடைத்துப் போகிறது. என் உவமையும்தான். குடிசைக்குள் இருந்தவன் வாசகனல்ல. பேருந்துப் படிமத்தைக் குறைசொன்ன நான் செய்ய இருந்த காரியமும் அதே ரகம்தான்.

ஜீனியாவில் இறந்தவர்கள் 32 பேரா 34 பேரா என்று ஒரு கேள்வி உண்டு. சில நாள் கழித்து, உதவிப் பணிக்கு வந்த தேசியக் காவல் படையினர் இருவர் தீ விபத்தில் இறந்தார்கள்; அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது விஷயம். இரண்டு பேருக்காக இப்படி யோசிப்பது நியாயமானது. மனிதனை எண்ணுவதென்றால் அப்படித்தான் எண்ண வேண்டும். நான் வங்கியில் வேலை பார்ப்பவன். இரண்டு ரூபாய் உதைத்தாலும் கணக்கு நேராகும்வரை வீட்டுக்குக் கிளம்ப முடியாது. எந்தப் பேரேட்டிலும் 'சுமார்' என்று எழுத எங்களுக்கு அனுமதியில்லை.

சாட்டூரியாவின் கணக்கு சுமாரிலேயே நிற்கிறது.